உழைச்செல்வான் எங்கே? பனிநிலத்து அறிவியலாரும் கொள்ளைநோயும்

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், தீர்த்தற்குக் கருவியாகிய மருந்து என்னும் மூன்றோடு அவர் அமைந்துவிடவில்லை. அருகிருந்து தொண்டு செய்பவனாகிய உழைச்செல்வானையும் நான்காவது கூறாக வைத்து எண்ணுகிறார். மருத்துவரைப் புகழும் நூல்கள் உலகிற் பல. நான்காமவனை நினைக்கும் நூல்கள் மிகச் சில. பினாங்கிற் பிறந்து, வடசீனத்துப் பனியிற் பெயர்பெற்று, பினாங்கிலேயே கண்மூடிய மருத்துவர் வூ லியன் தேயின் தன்வரலாறு இவ்விரு வகையுள் எதனைச் சாரும் என்பது ஆராய்தற்குரியது.

‘பிளேக் ஃபைட்டர்’ என்பது அந்நூலின் பெயர். ‘கொள்ளைநோயோடு பொருதவன்’ எனத் தமிழிற் கூறலாம். ஆங்கிலத்தில் எழுதப்பெற்று அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் அதனைக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஹெஃபர் நிறுவனத்தார் 1959இல் வெளியிட்டனர். மறு ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் ஆசிரியர் மறைந்தார். மருத்துவ வரலாறு கற்போரையன்றிப் பிறர் பெரிதும் தேடாதிருந்த அந்நூலுக்கு 2014இல் பினாங்கிலேயே ஒரு மறுபதிப்பு வந்தது. பின்னர் 2020 மார்ச் 18 முதல் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்து, வீட்டை விட்டு வெளிப்படுவோர் யாவரும் வாயும் மூக்கும் மூடி நடக்கத் தொடங்கிய காலத்தில், முகக்கவசத்தைக் கொள்ளைநோய்த் தடுப்பிற் பெரிதும் வழங்கச் செய்தவர் இத்தீவினரே என்ற செய்தி செய்தித்தாள்தோறும் மீண்டும் எழுந்தது. புகழ் எழுந்த அளவிற்கு நூல் படிக்கப்பெற்றதா என்பது வேறு வினா.

ஆசிரியரின் இளமை வரலாற்றைச் சுருங்கக் கூறின் போதும். 1879இல் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிற் பயின்று, 1896இல் அரசியாரின் உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். மீண்டு வந்து, தமிழ் முசுலிம் வணிகரால் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற சூலியா தெருவில் மருத்துவமனை வைத்தார். அபினியை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அதனாற் பகையும் தேடிக்கொண்டார். 1908ஆம் ஆண்டளவிற் சீனத்தின் தீன்சின் நகர் சென்று இராணுவ மருத்துவக் கல்லூரியிற் பணியேற்றார்.

ஆயினும் நூல் இவ்வரிசையிலே தொடங்கவில்லை. 1910 டிசம்பர் 24ஆம் நாள் பிற்பகல், முப்பத்தொரு வயதினரான மருத்துவர் ஒருவர் லின் என்னும் உதவியாளரோடு ஹார்பின் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்குவதிலிருந்து அது தொடங்குகிறது. வெப்பமானி சுழிக்குக் கீழே இருபத்தைந்து, முப்பது பாகை வரை இறங்கும் குளிர்காலம். பிறப்பு, குலம், பள்ளி என்று தொடங்கும் வழக்கத்தை விட்டு, தம் வாழ்வைப் பணியிலிருந்து தொடங்கிய துணிவு பாராட்டத்தக்கது. நூலின் தலைசிறந்த பகுதியும் இதுவே.

அந்நோயின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பிளேக் எலியினின்றும் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதரைப் பற்றும் என்பது 1896இல் பம்பாயிற் பரவிய நோயை ஆராய்ந்தோர் வாயிலாக நிலைபெற்றிருந்த அறிவு. ஹார்பினிலோ எலிகளை அறுத்துப் பார்த்தோர்க்கு நோய்க்கிருமி அகப்படவில்லை. வூ வந்து சேர்ந்த மூன்றாம் நாள், ஃபூசியாத்தியன் என்னும் சீனர் குடியிருப்பில், விடுதி நடத்திய ஜப்பானியப் பெண்ணொருத்தி இறந்தாள் என்ற செய்தி வந்தது. பிணத்தை அறுப்பதைப் பெரும் பழியாகக் கருதிய நாடு அது. வூவும் லின்னும் அவ்விடத்திலேயே மறைவாக அறுத்து ஆராய்ந்தனர். நுண்காட்டியின் கீழ்ப் பிளேக் கிருமி தெரிந்தது. எலியும் தெள்ளும் இடைநில்லாமல் மனிதன் மூச்சிலிருந்து மனிதன் மூச்சிற்கே தாவும் நுரையீரற் பிளேக் இது என்று அவர் முடிவு செய்தார். அக்குளிரில் மக்கள் சாளரமெல்லாம் அடைத்து, விடுதிகளில் ஒருவரையொருவர் நெருங்கிப் படுத்துறங்கினர். மர்மோத்து என்னும் மலையணிலின் தோலுக்கு விலையேறியதால், வேட்டைப் பழக்கமில்லாத ஏழையர் பலர் வடக்கே திரண்டு சென்று கூட்டமாய் மீண்டிருந்தனர். நோய்க்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவும் அறிவியல். இதன்பின் நூலில் நிகழ்வது வேறு. ஒரு வாரத்திற்குள் மருத்துவர் கையிலிருந்து நுண்காட்டி நழுவிவிடுகிறது. ஊரை நான்கு வட்டமாகப் பிரித்து, வட்டத்திற்கொரு நிறமாகக் கைப்பட்டை வழங்க வேண்டியிருந்தது. உருசிய இருப்புப்பாதையாரிடம் சரக்குப் பெட்டிகளை இரந்து பெற்று, நோயாளியோடு பழகியவர்களை அவற்றிலே தனித்து வைக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர்க்கு உணவும் இடமும் தேடவேண்டியிருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, இறந்தோரை என் செய்வது? நிலம் ஆழம்வரை உறைந்து கல்லாய்க் கிடந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள், பெட்டியிலும் பெட்டியின்றியும், இடுகாட்டில் வரிசை வரிசையாய்க் கிடந்தன. எரிப்பது முன்னோர்க்கு இழைக்கும் தீங்கு என்று எண்ணிய மக்களிடையே, அரசவையின் ஆணையைத் தந்தி வழியே வேண்டிப் பெற்று, 1911 ஜனவரி 31ஆம் நாள் அவற்றை எரியூட்டினர். மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர். பரவற்காலம் அறிவியலானை அறிவியலிலிருந்து பெயர்த்தெடுத்துக் கணக்கனாகவும் காவலனாகவும் வெட்டியானுக்கு மேலாளாகவும் ஆக்கிவிடும் என்னும் உண்மையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பக்கங்கள் அரிது.

இனி, நூலின் நடை. வூ தம்மை ‘நான்’ என்று கூறுவதில்லை. ‘டாக்டர் வூ’ என்றே படர்க்கையிற் கூறிச் செல்கிறார். உரோமைத் தளபதி சீசர் தம் போர்களைப் படர்க்கையிலே எழுதியதைப் படித்தோர்க்கு இது புதுமையன்று. தற்பெருமை தோன்றாமைக்கு இவ்வுத்தி துணைசெய்யும் என்பர் ஒரு சாரார். அவ்வாறாயின் அது முற்றும் பலிக்கவில்லை. ‘நான் செய்தேன்’ என்பான் ஐயத்திற்கு இடந்தருகிறான். ‘டாக்டர் வூ செய்தார்’ என்னும் தொடரோ வரலாற்றுத் தீர்ப்புப்போல் நிமிர்ந்து நிற்கிறது. நூலின் பிற்பகுதியில் மாநாடுகளும் பயணங்களும் கண்டு பேசிய பெரியோரும் அணியணியாக வரும்போது, இப்படர்க்கை வாசகனைக் களைப்புறச் செய்கிறது.

மெனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் பற்றிய நிகழ்ச்சியில் இவ்வுத்தியின் பலமும் குறையும் ஒருங்கே தெரியும். தீன்சின் கல்லூரிப் பேராசிரியரான மெனி, மூச்சின் வழிப் பரவும் என்ற கருத்தை ஏற்கவில்லை. தலைமையும் தமக்கே வேண்டும் என்றார். இளைய சீனர் ஒருவர் மாறுபடுவதைப் பொறாமல் இனத்தைச் சுட்டி இழித்துரைத்தார். வூ விலகல் தந்தி கொடுத்தார். அரசு வூவின் பக்கம் நின்றது. மெனி முகக்கவசமின்றி உருசிய மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரி 11ஆம் நாள் அந்நோயாலேயே இறந்தார். பஞ்சும் சல்லாத்துணியும் கொண்டு வூ அமைத்த கவசத்தின் மதிப்பை ஊரார் உணர்ந்தது அதன் பின்னரே. நிகழ்ச்சி நாடகம்போல் அமைந்திருக்கிறது. ஆனால் ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து ஒருவர் எழுத, மற்றவர் மறுமொழி கூற இயலாத நிலையில் வந்த வரலாறு இது என்பதை ஆய்வோர் மறத்தலாகாது. படர்க்கை நடை அதனைச் சான்றுரைபோல் தோன்றச் செய்கிறது. உண்மையில் அது வழக்காடிய இருவருள் ஒருவரின் வாக்குமூலமே.

உழைச்செல்வானுக்கு வருவோம். கொள்ளைநோய்த் தடுப்புப் பணியில் ஹார்பினில் ஏறத்தாழ 3,000 பேர் ஈடுபட்டனர். அவர்களுள் 300 பேரளவில் மாண்டனர். இறந்தோருள் மருத்துவர் சிலர். நோயாளியைச் சுமந்தவர், வண்டியோட்டியவர், பிணமெடுத்தவர் பலர். இக்கணக்கைத் தொழிற்பிரிவு வாரியாக வகுத்து வைத்தவரும் வூவே. அது அவர் நேர்மை. எனினும் எண் உண்டு, பெயர் இல்லை. அதே பருவத்தில் முக்டனில் இறந்த ஆர்தர் ஜாக்சன் என்னும் மருத்துவர்க்கு 1911ஆம் ஆண்டிலேயே வாழ்க்கை வரலாற்று நூல் வெளிவந்துவிட்டது. வண்டியோட்டிகளுள் ஒருவர்க்கேனும் ஒரு பத்தி இல்லை. அறுத்து ஆராயப்பெற்றதால் அறிவியலுக்கு வழிதிறந்த அந்த ஜப்பானியப் பெண்ணின் பெயரும் நிற்கவில்லை. இதற்கு விலக்காக நிற்பவர் லின் ஒருவரே. சீனமொழி அக்காலத்தில் வூவிற்கு முழுதும் வசப்பட்டிருக்கவில்லை. அக்குறையை நிரப்பிய நாவும் லின்னுடையதே. முதற்காட்சியிலேயே அவரைத் தம்மோடு இறக்கிவிடும் ஆசிரியர், போகப்போக அவரைப் பின்னுக்கு விட்டுவிடுகிறார்.

ஹார்பினிற் கொள்ளைநோய் அறிவியலானைப் பனிக்குள் அழைத்தது. நூற்றொன்பது ஆண்டு கழித்து வந்த கொள்ளைநோய், பனிநிலத்தையே தொழிற்களமாகக் கொண்ட அறிவியலாரை அதன் வாயிலிலே தடுத்து நிறுத்தியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வூவின் நூல் காட்டுவதும் காட்டாது விடுவதும் தெளிவாகும்.

2019 செப்டம்பரில் ‘போலார்ஸ்டேர்ன்’ என்னும் ஜெர்மானிய ஆய்வுக்கப்பல் நார்வேயிலிருந்து புறப்பட்டு, வடதுருவக் கடலின் பனிப்பாளம் ஒன்றோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு ஓராண்டு மிதந்து செல்லத் திட்டமிட்டது. ‘மோசாயிக்’ என்பது அத்திட்டத்தின் பெயர். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். 2020 மார்ச்சில் எல்லைகள் அடைபட்டன; சுவால்பார் தீவிலிருந்து விமானம் செல்லவிருந்த ஏற்பாடு குலைந்தது. கப்பலில் இருந்தோர் திரும்ப வழியின்றி மேலும் பல கிழமைகள் தங்கினர். மாற்றாள்களோ பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் விடுதி அறைகளிற் பலமுறை சோதிக்கப்பெற்றுத் தனித்திருந்தனர். முடிவில், ‘சோனே’, ‘மரியா மேரியன்’ என்னும் வேறு இரு ஆய்வுக்கப்பல்கள் அவர்களை ஏற்றிச் செல்ல, போலார்ஸ்டேர்ன் மே நடுவிற் பனிப்பாளத்தை விட்டுப் பெயர்ந்து வந்து அவற்றைச் சந்தித்தது. மீண்டும் தன் இடம் சேர ஏறத்தாழ ஒரு திங்கள் ஆயிற்று. தானே இயங்கும் கருவிகள் சில மட்டும் பனிமேல் நின்று அளந்துகொண்டிருந்தன. பனி உருகத் தொடங்கும் பருவம் அது. ஓராண்டு முழுமையும் அளப்பதே நோக்கமாகக் கொண்ட ஏட்டில் அவ்விடத்தில் இடைவெளி விழுந்தது.

அப்பயணத்தின் தலைவர் மார்க்குஸ் ரெக்ஸ் தம் அனுபவத்தை 2020இலேயே ஜெர்மன் மொழியில் நாட்குறிப்பு வடிவில் நூலாக்கினார். 2022இல் அதன் ஆங்கிலப் பெயர்ப்பு வந்தது. வூவின் படர்க்கைக்கு நேர் மறுதலையாக அது தன்மையில் நடப்பது. எனினும் ஓர் ஒற்றுமை நோக்கத்தக்கது. பயணம் பெரும் சோதனைக்குள்ளான அவ்விளவேனிற் பகுதியில் ரெக்ஸ் கப்பலில் இல்லை. கரையில் இருந்துகொண்டு கப்பலும் அனுமதியும் தேடும் பணியே அவருக்கு வாய்த்தது. சரக்குப் பெட்டி இரந்த வூவும், கப்பல் இரந்த ரெக்ஸும் ஒரு நிலையினரே. தலைவனின் நாட்குறிப்பு தலைவன் நின்ற இடத்திலிருந்தே உலகைக் காணும். மாற்றாள் வாராமல் எஞ்சின் அறையிலும் அடுக்களையிலும் நாளெண்ணியவரின் நாட்குறிப்பு வந்தாலன்றி அவ்வரலாறு நிரம்பாது.

தென்துருவத்தின் கதை இன்னும் வெளிப்படை. 2020–21 பருவத்தில் நாடுகள் பலவும் ஆய்வாளரைக் குறைத்து, நிலையங்களைப் பேணுவோரையே முதன்மையாக அனுப்பின. இந்தியாவின் 40ஆவது பயணம் 2021 ஜனவரியில் 43 பேரோடு கோவாவிலிருந்து புறப்பட்டது. மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்களுக்கு உணவும் எரிபொருளும் சேர்ப்பதும், குளிர்காலம் முழுவதும் அங்கே காத்திருந்தோரை மாற்றுவதுமே அதன் தலையாய வேலைகள். அதற்கு முந்திய டிசம்பரிலேயே சிலி நாட்டின் ஓஹிகின்ஸ் நிலையத்தில் 36 பேரைத் தொற்று பற்றியிருந்தது. அங்கும் பற்றப்பட்டோர் படையினரும் பராமரிப்புத் தொழிலாளருமே. ஆய்வாளன் ஓராண்டு வாராவிடின் ஏட்டில் ஓர் இடைவெளி விழும். மின்னாக்கியைப் பார்ப்பவன் வாராவிடின் நிலையமே இராது. உழைச்செல்வானே முதற்கூறு என்பதைக் கொள்ளைநோய் கணக்கெழுதிக் காட்டிவிட்டது.

இதன் ஒரு முனை பினாங்கையும் தொடும். மலேசியா 2011இல் அண்டார்க்டிக் உடன்படிக்கையிற் சேர்ந்த நாடு. 2016இல் அனைத்துலக அண்டார்க்டிக் ஆய்வு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மிண்டன் மேட்டிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆய்வாளர் அப்பனிக்கண்டம் சென்று வந்துள்ளனர். ஆனால் மலேசியாவிற்கு அங்கே சொந்த நிலையம் இல்லை. பிறநாட்டார் கப்பலிலும் நிலையத்திலும் விருந்தினராகவே செல்லவேண்டும். வீட்டார்க்கே இடம் சுருங்கிய காலத்தில் விருந்தினர்க்கு இடமேது? 2020இல் ஹோபார்ட் நகரிற் கூடவிருந்த அடுத்த மாநாடொன்றும் நேரிற் கூடாமல் கணினி வழியே நடந்தது. ஆய்வு மாணவர்க்கு இஃது ஆறாத இழப்பு. உதவிச் சம்பளம் சில ஆண்டுக்கே. பனிக்கண்டத்துக் கோடையோ ஆண்டிற்கு ஒன்றே. ஒரு கோடை போனால் ஆய்வுப் பொருளையே மாற்றவேண்டி வரும். பழைய மாதிரிகளையும் பிறர் திரட்டிய அளவுகளையும் கொண்டு மேசையிலே ஆய்வதை அறிவியலின் வீழ்ச்சி எனக் கருதவேண்டுவதில்லை. அது வேறு வகை உழைப்பு. ஆனால் அது தாமே தேர்ந்த வழியன்று.

தமிழில் தன்வரலாற்றுக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1940 முதல் 1942 வரை ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை எடுத்துக்கொள்ளலாம். ஏடு தந்தவர், இடம் தந்தவர், பசித்த நேரத்து உணவு தந்தவர் எனச் சிற்றூரின் எளிய மாந்தரும் அதிற் பெயரும் ஊருமாக உலவுகின்றனர். பதிப்புப் பணியின் வரலாறு உதவியோர் வரலாறாகவே விரிகிறது. அறிவுப் பணி ஒருவன் தனித்துச் செய்வதன்று என்னும் உணர்வு அவர்க்கு இயல்பாக இருந்தது. இதனோடு ஒப்பிடின் வூவின் நூல் செய்தியிற் செழித்தது, நன்றியிற் சுருங்கியது. ஹார்பின் அதிகாரம் உலகத் தன்வரலாற்று இலக்கியத்தில் நிற்கும். நூல் முழுமையும் அங்ஙனம் நிற்குமா என்பது ஐயமே.

ஹார்பின் அதிகாரத்தையேனும் தமிழிற் பெயர்த்தல் வேண்டும். மலாயாத் தமிழர்க்கு அது அயலார் கதையன்று. பினாங்குக் கரைக்கு அருகே நிற்கும் ஜெரேஜா தீவில் தொற்றுத் தடுப்பு நிலையம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் கரையேறுமுன் அங்கே தனித்து வைக்கப்பெற்றனர். பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அத்தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது. அங்கே தங்கியோரும் பதிவேடுகளில் எண்ணாகவே நிற்கின்றனர்.

பெயர்ப்போர்க்கு இரண்டு இடர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மருத்துவனுக்கும் வண்டியோட்டிக்கும் ஒரே படர்க்கைச் சொல். தமிழிலோ ‘அவர்’ என்றும் ‘அவன்’ என்றும் பிரித்தாக வேண்டும். டாக்டர் வூவை ‘வந்தார்’ என்றெழுதும் பேனா, பிணஞ்சுமந்தவனை ‘வந்தான்’ என்றெழுதினால், மூலத்தில் இல்லாத ஒரு தாழ்வைத் தமிழே புகுத்தியதாகும். மற்றொன்று, அறிக்கைகளில் அத்தொழிலாளரைக் குறிக்க வரும் ஆங்கிலச் சொல். அதனைக் ‘கூலி’ என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புபடுத்துவர் அறிஞர் பலர். உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், கடல் கடந்து போய் உழைப்பவனையே குறிக்கும் வசைச்சொல்லாகி, சீனத்துப் பனிவரை சென்று, ஒரு பினாங்கு மருத்துவரின் அட்டவணையில் அமர்ந்திருக்கிறது. அட்டவணை ஆவணமாதலின் அங்கே அதனை மாற்றுதல் முறையன்று. ‘கூலி’ என்றே நிற்கட்டும். கதை நிகழும் பத்திகளில் ‘வண்டியோட்டியவர்’, ‘பிணஞ்சுமந்தவர்’ என்று அவரவர் செய்த தொழிலாலேயே, ‘அர்’ ஈறு கெடாமல் எழுதுதல் தகும்.